உண்ணும் விரதம் இருந்த மாரிக்கனி அண்ணாச்சி

1

மாரிக்கனி அண்ணாச்சி காலமாகி இந்த மாசியோடு ஒரு வருஷம். அவருடைய நினைவு நாளுக்கு எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் போனில்தான் வந்தன. இரண்டிலும் ஒரே படத்தில் அவர் சிரிக்கிறார். ஒரே நாள், ஒரே நேரம், திருச்சுழியில் ஒரே தெரு. ஒரு கூட்டம் தெருவின் கிழக்கு முனையில், இன்னொன்று மேற்கு முனையில். ஊர் ஊராகப் போய்ச் சண்டையை விலக்கிவிட்ட மனிதருக்கு நினைவு நாள் நடத்த இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். என்ன விஷயம் என்று ஊரில் இருக்கிற என் சித்திக்குப் போன் போட்டேன்.

"படத்துக்கு மொதல் மாலை யாரு போடுறதுன்னு வந்துச்சாம். அம்புட்டுத்தான்" என்றார் சித்தி. "ரெண்டு பக்கமும் அன்னதானம் இருக்கு. நான் கெழக்க சாப்பிட்டுட்டு மேற்க போவேன். அண்ணாச்சி இருந்திருந்தா அவுகளும் அப்படித்தான செஞ்சிருப்பாக?"

நான் இதை எழுதுகிற இடம் ஸ்வீடன் நாட்டில் வெஸ்தரோஸ் என்கிற ஊர். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது. என் வீட்டுக்காரர் பாலவனத்தத்துக்காரர். இங்கே ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல்காரராக வந்தார், அப்படியே தங்கிவிட்டோம். நான் எட்டாவது வரைதான் படித்தவள். பெரிய கட்டுரையெல்லாம் எழுதத் தெரியாது. ஆனால் அண்ணாச்சியைப் பற்றி இரண்டு கூட்டத்திலும் பேசப்போகிறவர்களுக்குத் தெரியாத ஒரு காரியம் எனக்குத் தெரியும். செத்துப்போன பிறகு அவர் இந்தப் பனிக்குள் வந்து எங்கள் வீட்டுச் சண்டையை விலக்கிவிட்டுப் போனார். எப்படி என்று கேட்பீர்கள். அய்யனார் மேல் ஆணையாக, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

2

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அண்ணாச்சிக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருநாள் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு துணிப்பையோடு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடக்கிற பிணத்தைக் கேட்டு வாங்கி, குளிப்பாட்டி, அடக்கம் செய்வார். பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்றால் காலேஜ் வாசலில் நின்று பையன்களைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போவார். மழை பொய்த்த வருஷங்களில் தண்ணீர் லாரிக்கு முன்னால் ஓடிவந்து குடங்களை வரிசைப்படுத்துவார். எங்கள் பக்கம் மழை பொய்க்காத வருஷம் எது என்று கேட்காதீர்கள். கடல் ஊருக்குள் வந்த வருஷம் நாகப்பட்டினத்துப் பக்கம் போய் மாதக்கணக்கில் இருந்தார். திரும்பி வந்தபோது அந்தத் துணிப்பைகூடக் கையில் இல்லை.

இதெல்லாம் நல்ல மனசு இருந்தால் யாரும் செய்யக்கூடிய காரியம். அவர் ஒருவரால் மட்டுமே முடிந்த காரியம் வேறு. அது சாப்பிடுவது.

சமாதானம் வேண்டிப் பட்டினி கிடந்தவர்களைப் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அண்ணாச்சி உண்ணும் விரதம் இருந்தார்.

"நான் பட்டினி கெடந்தா யாரு கவலப்படப் போறா?" என்பார். "எனக்கென்ன பொண்டாட்டியா, பிள்ளையா? கெடந்துட்டுப் போறான்னு விட்டுருவாக. நான் சாப்பிட்டாத்தான் அவுகளுக்கு வலிக்கும்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைக்கிறது என்பார்கள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அவர்களோடு பகை இல்லை என்று பொருள். பகை வந்தால் முதலில் நிற்பதும் அதுதான். "இனி உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் பிறகு கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. ஆனால் சாப்பாட்டு வேளைக்கு வாசலில் வந்து நிற்கிற ஆளை, அவர் யாராக இருந்தாலும், போ என்று சொல்லிவிடவும் முடியாது. இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார் அண்ணாச்சி. எவர் அதிகம் முறுக்கிக்கொண்டு நிற்கிறாரோ அவர் வீட்டுக்கு மத்தியானம் போவார். எதிராளி வீட்டுக்கு ராத்திரி போவார். இரண்டு பேரும் பேசுகிற வரைக்கும் சாப்பிடுவார்.

ஊருக்கு ஊர் பகை மூண்டு பஸ்ஸெல்லாம் நின்றுபோன அந்தக் கெட்ட காலத்திலும் அவர் இதைத்தான் செய்தார். எந்தத் தெருக்காரர்கள் எந்தத் தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று இருந்ததோ, அங்கெல்லாம் போய் உட்கார்ந்து இலையைப் போடச் சொன்னார். அவருடைய சொந்தக்காரர்கள் அதற்காகவே அவரை விசேஷங்களுக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். இரண்டு தெருக்காரர்களும் அவர்மேல் கல் எறிந்தார்கள். நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் சாப்பாட்டுக்குப் போனார். இரண்டு தெருவும் ஒத்துப்போய்ச் செய்த முதல் காரியம் அவரைத் திட்டியதுதான் என்று பெருமையாகச் சொல்லுவார்.

இத்தனை சாப்பிட்டும் ஆள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பார். கடைசிக் காலத்தில் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாராம்.

"கொறைக்கலாம் டாக்டர். ஊருக்குள்ள சண்டையக் கொறைக்கச் சொல்லி மொதல்ல எழுதிக் குடுங்க" என்றாராம்.

3

அவர் எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை சாப்பிட வந்தார். நான் அப்போது தாவணி போட்டிருந்தேன்.

என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வரப்பில் நின்ற சீமைக்கருவேல மரங்களால் சண்டை. யாரும் நடாத மரம், யாரும் தண்ணீர் ஊற்றாத மரம், வெட்ட வெட்ட முளைக்கிற மரம். அதை வெட்டி மூட்டம் போட்டால் கரி. அந்தக் கரி யாருக்கு என்று தொடங்கி, ஒரே சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் பேச்சில்லை. எங்கள் குலதெய்வம் அய்யனாருக்கு இரண்டு வீடும் சேர்ந்துதான் பொங்கல் வைக்க வேண்டும். அதுவும் நின்றுபோனது. சாமி பொங்கல் இல்லாமல் நிற்கிறாரே என்று எனக்குத் தூக்கம் வராது.

அண்ணாச்சி உச்சி வெயிலில் வந்து நின்றார்.

"வாங்கண்ணாச்சி. என்ன இம்புட்டுத் தூரம்?" என்றார் அம்மா.

"சும்மாத்தான் தாயி. நீயும் ஓரகத்தியும் அய்யனாருக்கு ஒண்ணாப் பொங்கல் வக்கிற வரைக்கும் இங்கதான் சாப்பிடலாம்னு வந்தேன். இன்னைக்கு என்ன கொழம்பு?"

அப்பா உள்ளே இருந்துகொண்டே சொன்னார்: "போடு, போடு. எத்தன நாளைக்குத் திம்பாருன்னு பாப்போம்."

அப்பாவுக்கு அந்த ஆளைத் தெரியவில்லை. அண்ணாச்சி சாப்பிடுவதில் அவசரமே கிடையாது. முதல் சோறு குழம்புக்கு, இரண்டாம் சோறு ரசத்துக்கு, மூன்றாம் சோறு மோருக்கு, நான்காவது சோறு முதல் குழம்பு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, அம்மாவிடம் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லுவார். அம்மா கரண்டியைச் சட்டிக்குள் எறியும் சத்தம் கேட்கும். ராத்திரி சுவருக்கு அந்தப்பக்கம் சித்தி கரண்டியை எறியும் சத்தம் கேட்கும். நாளாக நாளாக எங்கள் வீட்டுக் கோழிகள் அவர் துண்டைத் தூரத்தில் கண்டாலே ஓட்டுக்கு மேலே ஏறிக்கொண்டன.

ஒருநாள் அம்மா தாங்க முடியாமல் சுவர் ஓரமாக நின்று கூப்பிட்டார்: "ஏத்தா! இந்த மனுசன் எப்பத்தா கெளம்புவாரு?"

"எங்க வீட்டுலயும் கோழி தீந்துபோச்சுக்கா" என்று அந்தப்பக்கமிருந்து சித்தி அழுதார்.

இரண்டு பேரும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். அவரைக் கிளப்ப வேண்டுமென்றால் பொங்கல் வைத்தாக வேண்டும். ஆம்பளைகளிடம் யாரும் கேட்கவில்லை, நேரம் மட்டும் சொன்னார்கள். அய்யனாருக்குப் பொங்கல் பொங்கியது. அண்ணாச்சி அதிலும் ஒரு இலை சாப்பிட்டுவிட்டு, காரியாபட்டிப் பக்கம் ஏதோ கிணற்றுத் தகராறு என்று சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டார்.

4

இனி இங்கே உள்ள கதை.

எங்களுக்கு ஒரே மகன். வேல்முருகன். இங்கே எல்லோரும் வெல் என்கிறார்கள். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு நாள் சிநேகிதன் வீட்டில் விளையாடிவிட்டு வாடிப்போய் வந்தான்.

"அவங்க எல்லாம் சாப்பிட்டாங்கம்மா. நான் ரூம்ல இருந்தேன்" என்றான்.

இங்கே பழைய வழக்கம் அது. வேறு வீட்டுப் பிள்ளைக்கு அதன் வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கும், அதைக் கெடுக்கக்கூடாது என்று ஒரு மரியாதை. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. மறுநாளே அந்தச் சிநேகிதனைக் கூட்டிவந்து, பரோட்டா போட்டு, மூச்சுமுட்டச் சாப்பிட வைத்து அனுப்பினார். அந்தப் பையனுடைய அம்மா ராத்திரி போன் செய்து, பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான், காய்ச்சலா என்று கேட்டார்.

அப்படிப்பட்ட மனிதர், சொந்த மகன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சபதம் போட்டார்.

காரணம் பேத்தியின் தலைமுடி. மகன் கட்டியிருப்பது கரின் என்கிற இந்த ஊர்ப் பெண். தங்கமான பிள்ளை. அவர்களுக்கு லீனா பிறந்தாள். அய்யனார் கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்த வேண்டும் என்று நாங்கள் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டுமே, அதற்குக் கரினுடைய தம்பி ஓலோஃப் இருந்தான். ஆள் கதவு உயரம். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, தானும் மொட்டை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். அவன் தலையில் ஏற்கெனவே ஒரு முடிகூடக் கிடையாது. கரினும் "முடிதானே அத்தை, வளர்ந்துவிடும்" என்றாள்.

வேண்டாம் என்றது எங்கள் மகன்தான்.

"அவ வளந்து அவளே முடிவு பண்ணட்டும்ப்பா. அவ தலை அது."

"ஒந்தலைக்கு நீயா முடிவு பண்ணின? நான் எடுத்தேன். குறைஞ்சா போயிட்ட?"

"அது அப்ப."

"அப்ப ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். கை நனைக்க மாட்டேன்."

"சரிப்பா" என்றான் அவன்.

அந்தச் 'சரி'தான் இவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் கை நனைக்க மாட்டேன் என்றால் நாலு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே சொன்னதைச் சொன்னபடி மதித்துவிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகன் வீடு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளித்தான். லீனா நடந்தாள், பேசினாள், ஒரு பல் ஆடி விழும் அளவுக்குக் கீழேயும் விழுந்தாள். தாத்தாவுக்கு எதுவும் தெரியாது. நான் மட்டும் போய்வந்து சொல்லுவேன். இவர் டிவியைப் பார்த்தபடி கேட்காதது போலக் கேட்பார். டிவி அணைந்திருக்கும்.

எனக்கும் பேத்திக்கு மொட்டை போட ஆசைதான். மறைக்கவில்லை. ஆனால் அய்யனார் முடியைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பார், அவருக்கு வயசு ஆகாது. இவருக்கு ஆகிறதே.

5

அண்ணாச்சி நினைவு நாள் அழைப்பைப் பார்த்த அன்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஒரு முடிவு எடுத்தேன். பெட்டியில் நாலு சேலை, ஒரு ஸ்வெட்டர், விபூதிப் பொட்டலம்.

"எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"வேலு வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பேசுற வரைக்கும் அங்கதான் சாப்பாடு."

"போயிட்டு வா. நான் சமையல்காரன். எனக்கென்ன சோத்துக்குப் பஞ்சமா?"

அப்போதே எனக்கு லேசாக ஒரு சந்தேகம். ஆனாலும் போனேன்.

அங்கே மகன் வீட்டில் ஒரே களேபரம். லீனாவுக்குச் சளி. சளி பிடித்த பிள்ளையை இங்கே பாலர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும், அதை அரசாங்கத்துக்கு வேறு தெரிவிக்க வேண்டும். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதை அரசாங்கத்துக்குச் சொல்லுகிற ஊரை நான் இங்கேதான் பார்த்தேன். இன்றைக்கு யார் லீவு என்று இரண்டு பேரும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பெட்டியோடு நின்றேன்.

"உங்கப்பாகூட நீ பேசுற வரைக்கும் இங்கதான் இருந்து சாப்பிடப் போறேன்" என்று கண்டிப்பான குரலில் சொன்னேன்.

கரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "எத்தனை நாள் அத்தை? ஒரு வாரமா? எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும், அதனால்தான் கேட்கிறேன். இரண்டு வாரம் இருக்க முடியுமா?"

பாரமாக இருக்கலாம் என்று போனவள் நான். சாமி அனுப்பிய ஆள் மாதிரி என்னைக் கொண்டாடினார்கள். காலையில் இரண்டு பேரும் சீட்டி அடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, துடைத்தேன். பாத்திரம் கிடக்கிறது, கழுவினேன். பிறகு துணி. சாயங்காலம் அவர்கள் வந்தபோது வீடு கோவில் மாதிரி இருந்தது.

சரி, சாப்பிட்டாவது கஷ்டப்படுத்தலாம் என்று, கரின் செய்த புளித்த மீனும் உருளைக்கிழங்கும் இரண்டாம் தடவை கேட்டேன். அண்ணாச்சியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

"அத்தைக்குப் பிடித்திருக்கிறது! வெல், பார்த்தாயா!" என்று அவள் குதித்தாள். அதன் பிறகு தினமும் அதுதான்.

மகன் மட்டும் ஒருநாள் கேட்டான்: "அம்மா, நீ ஏதோ போராட்டம்னு சொன்னியே, அது எப்ப ஆரம்பிக்குது?"

6

சித்திக்குப் போன் போட்டு அழுதேன்.

"கூறுகெட்டவளே" என்றார் சித்தி. "அங்க போயி வேலை பாத்துக்கிட்டா இருக்க? அண்ணாச்சி ஒரு துரும்பத் தூக்கிப் போட்டாகளா?"

"எனக்குச் சும்மா இருக்க வரலையே சித்தி. அவுக சாப்பிட்டுச் சாப்பிட்டு உங்களக் கிறுக்குப் பிடிக்க வச்சாகள்ல, அது மாதிரின்னு நெனச்சேன்."

"சாப்பாட்டுக்கா கிறுக்குப் பிடிச்சோம்? விருந்தாளிக்குச் சோறு போட்டா யாருக்குடி கசக்கும்? கையக் கழுவிட்டு ஒண்ணு சொல்லுவாக பாரு. 'நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா ஒங்கக்கா கொழம்புல ஒரு வாசம் வருது, அது இதுல வரல'ன்னு. அங்க போயி 'ஓரகத்தி கொழம்புல ஒரு காரம் நிக்கிது, இதுல நிக்கல'ன்னு. நெஞ்சு எரியும் எனக்கு. மறுநா இன்னும் நல்லா வைப்பேன். அப்பயும் அதேதான். கடைசில, அப்படி என்னத்தத்தான் வைக்கிறா அவன்னு ருசி பாக்காட்டி செத்துருவோம்போல ஆயிருச்சு."

"அப்ப அவுக பொய் சொன்னாகளா?"

"பொய்யா? ஒங்கம்மா கொழம்புல வாசம் உண்டும்மா. ஏங்கொழம்புல காரம் உண்டு. உள்ளதத்தான் சொன்னாக. அதான் பொறுக்கல."

எனக்குப் பொய் சொல்ல வராது, சாமிக்குப் பயந்தவள். ஊர் மெச்சும் சமையல்காரரிடம் போய், கரினுடைய புளித்த மீன் உங்கள் குழம்பைவிட ருசி என்று எப்படிச் சொல்லுவேன்? அய்யனாரே, நீயே ஒரு வழி காட்டு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை தாய்மாமன் ஓலோஃப் வந்தான். உறைந்துபோன ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து, அந்தப் பொந்துக்குப் பக்கத்தில் நாள்பூராவும் முக்காலி போட்டு உட்கார்ந்து பிடித்த மீன் கையில் இருந்தது. நம் கண்மாய்க் கெண்டை மாதிரி முள்ளாகக் கிடந்தது. "இன்னைக்கு நான் சமைக்கிறேன்" என்று மகன் சட்டைக் கையை மடித்துவிட்டான். நான் தூர நின்றேன், சிரிப்பு வேறு. அவன் புளியைக் கரைத்தான். சின்ன வெங்காயம் மாதிரி ஒன்று இங்கே கிடைக்கும், அதை வதக்கி அரைத்தான். நல்லெண்ணெயைக் கடைசியில் பச்சையாக ஊற்றி மூடினான். மூடியைத் திறந்தபோது வந்த வாசத்துக்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் வற்றிய கண்மாயில் மீன் பிடித்த அன்று ஊர்பூராவும் வரும் வாசம் அது.

"யாருகிட்டடா கத்துக்கிட்ட?"

"சின்னப் பாட்டிகிட்டத்தான். போன்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுவோம்ல?"

சித்தி என்னிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. பிள்ளை நம்மை விட்டுத் தூரமாகப் போகிறான் என்று நான் எத்தனை விளக்கு ஏற்றியிருப்பேன்! அவன் என்னைத் தாண்டிக்கொண்டு ஊருக்கே போய்வந்துகொண்டிருந்திருக்கிறான்.

சாப்பிட்டுக் கை கழுவினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. மீன் கொழம்புதான் வச்சேன்."

"நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா வேலு வச்சதுல ஒரு வாசம் வருது. உங்க கொழம்புல அது வந்து வருசமாச்சு."



"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். இந்த ஊர்க்காரங்களுக்கு வெண்ணெயும் பாலாடையும் சீனியும் போட்டுப் போட்டு உங்க கை இனிச்சுப்போச்சு. பிள்ளை கை இன்னும் உறைக்குது."

போனை வைத்துவிட்டார்.

7

மறுநாள் மத்தியானம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகன் முந்தின நாள் குழம்பைச் சுட வைத்தான். பழைய மீன் குழம்பின் ருசி உங்களுக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போது பால்கனிப் பக்கம் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். தரைத்தள வீடுதான் என்றாலும் பால்கனிக்கு ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதைத் தாண்டி, தொடைவரை பனியோடு, ஒரு தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து போலீசைக் கூப்பிடவா என்று கரினைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் திறந்தேன்.

"ஏங்க, வாசல் அந்தப் பக்கம் இருக்குல்ல?"

"வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். இது வாசலா? இது சன்னல்."

லீனா கரினிடம் இந்த ஊர்ப் பேச்சில் கேட்டாள்: "இந்த ஆள் ஏன் சன்னல் வழியாக வருகிறார்?"

இவருக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். தாத்தா என்று சொல்லாமல் இந்த ஆள் என்று பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. முகத்தில் இருந்த பனியைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார். மகனைப் பார்க்கவில்லை. மகனும் இவரைப் பார்க்கவில்லை. கரின்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தூக்குச்சட்டியை மேஜைமேல் வைத்து என்னிடம் சொன்னார்: "ரெண்டையும் ருசி பாத்து ஞாயமாச் சொல்லு."

"நான் சொல்லியாச்சு. நீங்க பாருங்க."

மகனுடைய குழம்பை ஒரு தட்டில் சோற்றோடு வைத்தேன். அவர் தட்டையே பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டார்.

"ஸ்பூன்ல சாப்பிட்டா கை நனைஞ்சதா ஆகாது" என்று பொதுவாக வீட்டுக்குச் சொன்னார்.

"ஆகாது, ஆகாது. சாப்பிடுங்க" என்றேன்.

ஒரு வாய். இன்னொரு வாய். ஸ்பூன் நின்றுவிட்டது. முப்பது வருஷமாக அடுப்படியில் நின்றவர், பிறர் குழம்பை ருசிபார்க்கும்போது இடது கண் சுருங்கும், குறையைச் சொல்லுவார். கண் சுருங்கவில்லை. மகன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தான். நான் முருகா, அய்யனாரே, மாரிக்கனி அண்ணாச்சி என்று மூன்று பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் லீனா எட்டி, இவர் தட்டிலிருந்த மீன் துண்டைக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஸ்பூன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இவர் பிள்ளை கையைப் பிடித்து மீனை வாங்கி, தட்டில் போட்டு, குழம்புக்குள்ளேயே ஐந்து விரலையும் விட்டுப் பிசைந்து பார்த்தார். ஒரு முள். இன்னொரு முள். மேஜை ஓரத்தில் வரிசையாக வைத்தார். வெள்ளைச் சதையை மட்டும் உருட்டி லீனா வாயில் வைத்தார். அவள் மென்றுகொண்டே அடுத்ததுக்கு வாயைத் திறந்தாள். மணிக்கட்டுவரை குழம்பு வழிந்தது.

"ஏலே" என்றார், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "கொழம்பு வைக்கத் தெரியுது. இம்புட்டு முள்ளோட பிள்ளை கைக்கு எட்டுற மாதிரியா வப்ப? ஒக்காரு. அந்தப் பக்கத் துண்ட நீ எடு."

மகன் வந்து எதிரில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் தலையைக் குனிந்து முள் எடுத்தார்கள்.